காமாலை போன பிறகும் போகாத பத்தியம்

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து படியுங்கள். விஷயமே சாப்பாட்டைப் பற்றியதுதான்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதல் மார்க் வாங்கிய பெண். அவள் மகள் கல்லூரி விடுதியில் இருந்து மஞ்சள் காமாலையோடு வந்து சேர்ந்திருக்கிறாள். பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் ஏ. ஆறு வாரத்தில் பிலிருபின் எல்லாம் சரியாகிவிட்டது, கண்ணும் வெளுத்துவிட்டது. ஆனால் பத்து வாரம் ஆகியும் பிள்ளைக்குக் கஞ்சியும் மோரும் சுட்ட அப்பளமும்தான். எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது, முட்டை கூடாது, உப்பு பேருக்கு. எடை 7 கிலோ குறைந்து, தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறதாம். நாலு வாய் கூடச் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்கிறாளாம். உடனே பாட்டி, "பாத்தியா, ஈரல் இன்னும் ஆறல" என்று இன்னும் ஒரு வாரம் கூட்டுகிறாராம்.

"சார், டாக்டர் சொல்லியும் அம்மா கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. காரணம், அந்தப் பாட்டி செய்வதை 1989-இல் நானே செய்திருக்கிறேன்.

என் மகனுக்கு அப்போது பத்து வயது. காமாலை வந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம். நாலு வாரத்தில் இறங்கிவிட்டது. இறங்கியபின் பத்தியம், பத்தியம் முடிந்தபின் மறுபத்தியம் என்று மூன்று மாதம் ஓட்டினேன். வீட்டில் என் அம்மாகூட, "போதும்டா, பிள்ளை காய்ஞ்சு போறான்" என்று சொன்னார். நான்தான் விடவில்லை. படித்தவன் பிடிவாதம் பாமரர் பிடிவாதத்தைவிட மோசம். ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில் பந்திக்கு முன் அவன் சமையல்கட்டில் போய் ஒரு வடையை எடுத்துக் கடித்துவிட்டான். நாலு பேர் பார்க்க அறைந்தேன். வடையைத் துப்ப வைத்தேன். அடுத்த வாரம் பள்ளியில் காலை வழிபாட்டில் நான் மேடையில் நிற்க, என் கண் முன்னால் அவன் மயங்கி விழுந்தான். தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பிறகு சொன்னார்: "சார், காமாலை எப்பவோ போயிடுச்சு. பையனுக்குப் பசி. அவ்வளவுதான்."

வரலாறு சொல்லிக் கொடுத்தவன் நான். இந்தப் பத்தியத்துக்கு ஒரு வரலாறு இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

காய்ச்சல்காரனுக்குச் சோறு போடலாமா கூடாதா என்பது உலகம் முழுக்க இருந்த பழைய வழக்கு. "லங்கணம் பரம ஔஷதம்" என்று நம்மூரில் சொல்வார்கள். கிரேக்கத்தில் ஹிப்போகிராட்டஸ் பெயரில் உள்ள நூல்களில் ஒன்று, கடும் நோய்களில் என்ன உணவு கொடுப்பது என்பதைப் பற்றியே எழுதப்பட்டது. அதில் முக்கிய உணவு வாற்கோதுமைக் கஞ்சி. வடிகட்டிக் கொடுப்பதா, பருக்கையோடு கொடுப்பதா, எந்த நாளில் எதற்கு மாறுவது என்று பெரிய விவாதமே நடக்கிறது. நம் வீட்டுப் பாட்டிகள் அடுப்படியில் பேசுவதைப் போலவே இருக்கிறது.

நம் நாட்டு ஆயுர்வேத முறையில், வாந்தி, பேதிக்குக் கொடுத்து உடலைச் சுத்தி செய்த பிறகு எப்படிச் சாப்பாட்டுக்குத் திரும்புவது என்று ஒரு வரிசை உண்டு. முதலில் நீர்த்த கஞ்சி, பிறகு கெட்டிக் கஞ்சி, பிறகு பயற்றுச் சாறு, பிறகு இறைச்சிச் சாறு. கவனியுங்கள், கடுமையான சுத்திக்குப் பிறகும் பன்னிரண்டு வேளைகள், அதாவது ஏழாவது நாளில் வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும். பயறும் இறைச்சியும் அந்த வாரத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. பழைய ஏட்டில் ஏழு நாள் என்று இருந்ததை நான் தொண்ணூறு நாள் ஆக்கினேன். பழமையைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு வேறு!

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் பத்தில் ஆறு குறளைச் சாப்பாட்டுக்கே கொடுத்திருக்கிறார். முன் உண்டது செரித்ததா என்று பார், அளவு பார், நன்றாகப் பசித்த பின் ஒத்துக்கொள்வதைச் சாப்பிடு என்பதுதான் அவர் சொல்வதன் சாரம். பசித்தவனைத் தடு என்று எங்கும் சொல்லவில்லை.

ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை காய்ச்சல்காரர்களைப் பட்டினி போட்டு, இரத்தத்தையும் வடித்துவிடுவது வழக்கம். அயர்லாந்தில் டப்ளின் நகரத்து மீத் மருத்துவமனையில் ராபர்ட் கிரேவ்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். தைராய்டு நோய் ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆரோக்கியமான ஒருவனைப் பல நாள் பட்டினி போட்டாலே அவனுக்கு என்னென்ன ஆகும் என்று யோசித்தார். தலை சுற்றும், பிதற்றுவான், துவண்டுபோவான். அதையே நோயாளியிடம் பார்க்கும்போது மட்டும் நோயின் குறி என்கிறோமே, அது பட்டினியின் குறியாக இருந்தால்? தன் வார்டில் டைபஸ் காய்ச்சல்காரர்களுக்கு வேளை தவறாமல் உணவு கொடுக்கச் சொன்னார். தேறி வந்தவர்களைப் பார்த்துவிட்டு, என் கல்லறையில் வேறொன்றும் எழுத வேண்டாம், காய்ச்சல்காரர்களுக்குச் சோறு போட்டவன் என்று எழுதினால் போதும் என்று மாணவர்களிடம் சொன்னாராம். 1853-இல் இறந்தார்.

பட்டினியின் குறியை நோயின் குறியாக எண்ணிக்கொள்வது. என் மாணவியின் மகளுக்கு நடந்ததும் அதுதானே? முடி கொட்டுவது, நாலு வாயில் வயிறு நிறைந்துவிடுவது, சோர்வு எல்லாவற்றையும் காமாலையின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியம் பற்றி எழுதிய சிறு நூலில் சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டு அத்தியாயம் ஒதுக்கினார். உணவு பக்கத்திலேயே இருந்தும், எந்த நேரத்தில் எப்படிக் கொடுப்பது என்று கவனிக்க ஆள் இல்லாமல் நோயாளிகள் பட்டினி கிடப்பதை அங்கே எழுதுகிறார். மாட்டிறைச்சியை வேகவைத்து வடித்த தண்ணீரை மகா சத்து என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டார். நம் வீட்டு அரிசிக் கஞ்சித் தெளிவும் கிட்டத்தட்ட அப்படித்தான். தண்ணீருக்கும் உப்புக்கும் நல்லது. வளர்கிற பிள்ளைக்கு அது சாப்பாடு ஆகாது.

சரி, காமாலைக்கு வருவோம். எண்ணெயை நிறுத்துவது எங்கிருந்து வந்தது? நம்மிடம் மட்டும் இருந்த பழக்கம் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பெரிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோவ், சாதாரணக் காமாலைக்குக் காரணம் பித்தநாளத்தின் வாயில் சளி போல் ஒன்று அடைத்துக்கொள்வதுதான் என்றார். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பு செரிக்காது. ஆகவே கொழுப்பை நிறுத்து. தர்க்கம் சரிதான், தொடக்கம்தான் தப்பு. பெரும்பாலான காமாலையில் அடைப்பு இல்லை. வைரஸ் ஈரலைத் தாக்கி அங்கே அழற்சி உண்டாகிறது. ஆனால் விர்ச்சோவ் சொன்னால் மறுப்பவர் யார்? இரண்டாம் உலகப் போர் வரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் காமாலைக்காரனுக்குக் கொழுப்பு குறைத்த உணவும் படுக்கையும்தான் வைத்தியம்.

போர்தான் இதை மாற்றியது. 1942-இல் அமெரிக்கப் படைவீரர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். அந்த ஊசிமருந்தில் மனித இரத்தச் சீரம் கலந்திருந்தது. அதன் வழியே சுமார் 50,000 பேர் காமாலையோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். அது ஹெபடைட்டிஸ் பி என்பது பல பத்தாண்டு கழித்துத்தான் உறுதியானது. இத்தனை இளைஞர்களை மாதக்கணக்கில் படுக்கவைத்தால் படை என்ன ஆகும்? எப்போது சாப்பிடலாம், எப்போது எழுந்து நடக்கலாம் என்பது ராணுவத்தின் கேள்வி ஆகிவிட்டது. 1946-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் சார்லஸ் ஹோக்லண்ட் குழுவினர், காமாலை நோயாளிகளுக்குக் கொழுப்பு சேர்த்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் குணமாவது தாமதமாகவில்லை.

அதைவிடத் தெளிவான சோதனை கொரியப் போரின்போது நடந்தது. போரில் காமாலை வந்த அமெரிக்க வீரர்களை ஜப்பானின் கியோட்டோவில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். தாமஸ் சால்மர்ஸ் என்ற இளம் டாக்டர் அங்கே அனுப்பப்பட்டார். இவர் செய்ததைத்தான் நான் வகுப்பில் சொல்லித் தந்திருக்க வேண்டும். ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். ஆகவே அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பேர் வந்துவிடும். கீழாநெல்லி கொடுத்தவனுக்குக் கீழாநெல்லி, மந்திரித்தவனுக்கு மந்திரம், கையில் சூடு போட்டவனுக்குச் சூடு. எதனால் குணமானது என்று அறிய ஒரே வழி, நோயாளிகளைக் குலுக்கல் போலப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஒரு முறை, இன்னொரு பகுதிக்கு வேறு முறை என்று வைத்து ஒப்பிடுவது. சால்மர்ஸ் அப்படிச் செய்தார். 1955-இல் வெளியிட்டார். கட்டாயப் படுக்கையில் கிடந்தவர்களைவிட, இஷ்டம்போல எழுந்து நடமாடியவர்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. புரதமும் மொத்த உணவும் அதிகமாகச் சாப்பிட வைக்கப்பட்டவர்களுக்குக் காமாலை சற்று சீக்கிரமே இறங்கியது. பத்தியத்துக்கு நேர் எதிர்!

அதே 1955-இல் நம் டெல்லியில் என்ன நடந்தது தெரியுமா? வெள்ளத்துக்குப் பிறகு யமுனை போக்கு மாறி, நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை நீர் வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. அதிகாரிகள் குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு பரவவில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் சுமார் 29,300 பேருக்குக் காமாலை. இருபத்தைந்து ஆண்டுகள் அதை ஹெபடைட்டிஸ் ஏ என்றே நினைத்திருந்தார்கள். பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தக் காலத்து இரத்த மாதிரிகளை 1980-இல் சோதித்தபோது அது ஏ அல்ல என்று தெரிந்தது. 1983-இல் மாஸ்கோவில் மிகாயில் பலயான் என்ற விஞ்ஞானி, ஆப்கானிஸ்தானில் காமாலை வந்த சோவியத் வீரர்களின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்து, காமாலை வரவழைத்துக்கொண்டு, தன் மலத்திலேயே அந்த வைரஸைக் கண்டுபிடித்தார். இன்று ஹெபடைட்டிஸ் ஈ என்கிறோம். (என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அவருக்கு வீட்டில் யாரும் இல்லையா?" என்றாள்.)

இந்த ஈ வகையில் ஒரு விஷயம் மட்டும் விளையாட்டல்ல. மாசமாக இருக்கும் பெண்களுக்கு, அதுவும் கடைசி மாதங்களில், உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் கீழாநெல்லி தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். 1988-இல் சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்குடன் சேர்ந்து, 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பி வைரஸை உடலில் நிரந்தரமாகச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் இரத்தத்தில் இருந்து மறைந்தது; வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, கத்தரித்து டைரியில் ஒட்டி வைத்திருந்தேன். தமிழன் மருந்தை உலகம் ஒப்புக்கொண்டது என்று வகுப்பில் பெருமையாகப் பேசியதும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருடம் மகனுக்குக் காமாலை வந்ததும் அந்தத் துண்டுத்தாள்தான் எனக்குத் தைரியம். ஆனால் நான் கவனிக்காதது ஒன்று. அந்த ஆராய்ச்சி நாள்பட்ட பி வகையைப் பற்றியது, பிள்ளைகளுக்கு வரும் சாதாரணக் காமாலையைப் பற்றியதே அல்ல. தவிர, பிற்பாடு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்னொன்று, அந்தக் கட்டுரையில் உப்பை நிறுத்து, வடையைத் துப்ப வை என்றெல்லாம் ஒன்றும் இல்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

பத்தியம் முழுக்க மூடத்தனம் என்று சொல்லவில்லை. காமாலை உச்சத்தில் இருக்கும்போது தாளிப்பு வாசனையே குமட்டும். அப்போது மோர்க்கஞ்சி, இட்லி, இளநீர் இறங்கும். இறங்குவதைக் கொடுப்பதுதான் சரி. காலையில் குமட்டல் குறைவாக இருப்பதால் காலைச் சாப்பாட்டைக் கொஞ்சம் கனமாகவும், மற்றதைச் சிறுகச் சிறுகவும் கொடுக்கச் சொல்கிறார்கள். சாராயம் அறவே கூடாது. டாக்டரைக் கேட்காமல் காய்ச்சல் மாத்திரையும் கூடாது. வெகுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று விருந்து வைப்பதும் ஆபத்து. 1945-இல் நாஜி முகாம்களில் இருந்து மீட்கப்பட்ட எலும்புக்கூடு போன்ற மனிதர்களுக்குப் படைவீரர்கள் இரக்கப்பட்டுத் தங்கள் உணவை அள்ளிக் கொடுத்தார்கள். அதைத் தாங்காமல் பலர் இறந்துபோனார்கள். அதனால்தான் படிப்படியாக.

ஆனால் படி ஏற வேண்டும் அல்லவா? அதே போர்க்காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்தார். உடல் எடையில் கால்வாசி போயிற்று. முடி கொட்டியது, எப்போதும் குளிர் எடுத்தது, எதிலும் மனம் ஒட்டவில்லை, நாளெல்லாம் சாப்பாட்டு நினைப்பு. பிறகு தேற்றும்போது தெரிந்தது, வைட்டமின் மாத்திரையை விட முக்கியம் சாப்பாட்டின் அளவு. சிலருக்குச் சாதாரண மனிதர் சாப்பிடுவதைவிட மிக அதிகமாக, நாளைக்கு 4,000 கலோரி அளவுக்குக் கொடுத்த பிறகுதான் உடம்பு ஏறியது. அந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கல்யாண வீட்டுச் சமையல்கட்டு கண்ணில் வந்து நின்றது.

இன்னொரு வேடிக்கை. காமாலைக்கு நல்லது என்று ரோட்டோரக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுக்கிறோம். ஏ வைரஸும் ஈ வைரஸும் வருவதே கெட்ட தண்ணீரிலும் அதில் செய்த ஐஸ் கட்டியிலும்தான். எண்ணெயைக் கண்டு பயப்படுகிற வீட்டில் குடத்துத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை.

மாணவியின் அம்மாவிடம் பேசினேன். வயது எழுபத்தெட்டு. முதலில் என்னைப் பேசவிடவில்லை. அவருடைய தம்பி ஒருவர் சின்ன வயதில் காமாலையில் இறந்திருக்கிறார். தேறிய பிறகு திருவிழாவில் பலகாரம் தின்றதால் திரும்ப வந்துவிட்டது என்று வீட்டில் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். அறுபத்தைந்து வருடமாக அந்தப் பயம். ஏ வகைக் காமாலை சிலருக்கு இறங்கி மறுபடி ஏறுவது உண்டு, அது பலகாரத்தால் அல்ல, நோயின் போக்கே அப்படி என்று சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவன் தின்னதால சாகலையா வாத்தியாரய்யா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றேன்.

என் மகனுக்கும் அன்று இரவு போன் செய்தேன். முப்பத்தைந்து வருடம் கழித்து அந்த வடைக்காக மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அறை ஞாபகமே இல்லையாம். வடை மட்டும் ஞாபகம் இருக்கிறதாம்.

போன ஞாயிறு மாணவி குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பாட்டி முதலில் பருப்புச் சோற்றில் ஒரு சொட்டு நெய், மூன்றாம் நாள் ஒரு அவித்த முட்டை, இப்போது பிள்ளை மூன்று தோசை சாப்பிடுகிறாளாம். வயிற்று உப்புசம் குறைந்திருக்கிறது. பின்னால் பாட்டி குரல் கேட்டது: "எண்ணெய மட்டும் கொஞ்சமா ஊத்துடி!"

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் காமாலைக்குப் பின் மாதக்கணக்கில் கஞ்சியில் இருந்தால், டாக்டரிடம் ஒருமுறை, என்னென்ன சாப்பிடலாம் என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். ஏற்கெனவே ஈரல் சுருங்கியவர்கள், வயிற்றில் நீர் கோத்தவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வது உண்டு. அதை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.